எனக்கு எது தெரியாது?

வருஷா வருஷம் ஆபீஸில் அப்ரைசல் படிவம் கொடுக்கிறார்கள் இல்லையா? அதில் 'உங்களுக்கு எந்தப் பயிற்சி தேவை?' என்று ஒரு கேள்வி இருக்கும். நீங்கள் என்ன எழுதுவீர்கள்? 'லீடர்ஷிப்', 'கம்யூனிகேஷன்'... பக்கத்து சீட்காரர் போன வருஷம் எழுதியதுதான்! ஹோட்டலில் ரெண்டு நாள் வகுப்பு, மத்தியானம் பிரியாணி, ஒரு சர்டிஃபிகேட். முடிஞ்சு போச்சு.

இந்த வருஷம் அதை நிரப்புவதற்கு முன் ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' நாவலைப் படித்துவிடுங்கள். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளிகளைப் பற்றி 1970-களின் கடைசியில் வந்தது.

முசிறியில் 1925-ல் பிறந்தவர். சின்ன வயசிலேயே கல்யாணம். காலேஜ் படிப்பெல்லாம் கிடையாது. 1973-ல் 'வேருக்கு நீர்' நாவலுக்கு சாகித்ய அகாடமி பரிசு கிடைத்தது. அதோடு 'நமக்கு எல்லாம் தெரியும்' என்று உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. உப்பளம் பற்றித் தனக்குத் தெரியாது என்று தெரிந்ததும் உப்பளத்துக்கே போனார். பிறகு, தீப்பெட்டித் தொழிலில் வேலை செய்யும் குழந்தைகளைப் பற்றி எழுத சிவகாசிக்கு.

இதில் தெரிந்துகொள்ள என்ன இருக்கு என்கிறீர்களா? பாண்டிச்சேரிக்கு ஈ.சி.ஆரில் போகும்போது மரக்காணத்தில் வெள்ளைக் குவியல்களைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் காய்ந்தால் உப்பு, அவ்வளவுதானே என்று நினைப்போம். கடல் நீர் அடர்த்தி சுமார் 3 டிகிரி பாமே. பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலில் வற்றவிட்டு, 25 டிகிரியை எட்டினால்தான் உப்பு கட்டும். 30-ஐத் தாண்ட விட்டால் மெக்னீசியம் சேர்ந்து கசக்கும். அதற்குள் மிச்ச நீரை வடித்துவிட வேண்டும். மழை வந்தால் எல்லாம் போச்சு, கூலி உள்பட. காரில் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தால் இதில் ஒன்றும் தெரியாது.

ராஜம் கிருஷ்ணன் பார்ப்பது இந்தக் கணக்குக்குக் கீழே உப்பு நீரில் நிற்கிற கால்களை. வெள்ளையில் பட்டுத் தெறிக்கும் வெயிலில் கூசும் கண்கள், மேலே இருப்பவர்களின் பார்வைக்குப் பயந்துகொண்டே வேலை செய்யும் பெண்கள். பொன்னாச்சியின் பயத்தை ஊகித்து எழுதிவிட முடியாது, ஸார். கேட்டுத்தான் எழுத முடியும்.

குறை இல்லாமல் இல்லை. திரட்டி வந்த தகவலை விட மனசில்லாமல் பாத்திரங்களின் வாயில் ஏற்றிவிடுகிறார். சில வசனங்கள் கலெக்டருக்கு எழுதிய மனு மாதிரி நீள்கின்றன. தெரியாததைத் தேடிப் போய்க் கற்றவர், கற்றதில் எதைக் கழிப்பது என்ற பயிற்சியையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கலாம். பி.காம். படித்தவனுக்கு இந்த வரவு-செலவு கண்ணில் படாமல் போகுமா? ஆனால் ரூமுக்குள் உட்கார்ந்து, கூட ஒரு வார்த்தை இல்லாமல் கச்சிதமாக எழுதப்பட்ட பல நாவல்கள் எனக்கு மறந்துவிட்டன. இது மறக்கவில்லை.

2009-ல் ராஜம் கிருஷ்ணன் நூல்களை அரசு நாட்டுடைமை ஆக்கிவிட்டதால் புத்தகம் கிடைப்பது கஷ்டமில்லை. தூத்துக்குடி வட்டாரப் பேச்சு முதல் சில பக்கங்களில் கொஞ்சம் திணற வைக்கும். வேகமாகத் தாண்டாமல் மெதுவாகப் படியுங்கள்.