ஆடலும் ஆடையும்: யாருடைய தோல் நிறம்?

ஆடற்கலையைப் பற்றி நம்மவர் எழுதும் கட்டுரைகளில் தாளமும் பாவமும் பேசப்படும் அளவுக்கு உடை பேசப்படுவதில்லை. பேச்சு எழுந்தாலோ, அது கலை விசாரணையாக இராமல் ஒழுக்க விசாரணையாக மாறிவிடுகிறது. எத்தனை அங்குலம் துணி, எத்தனை அங்குலம் உடம்பு என்று அளப்பதே விமரிசனம் என்று எண்ணுவோர் பலர். கோல சிலாங்கூரிலும், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா முதலிய இடங்களைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும், பொங்கல் விழாவாயினும் பள்ளி விழாவாயினும், மேடையில் பரதநாட்டியம் ஒன்றும் சினிமாப் பாட்டுக்கு ஆடும் ஆட்டம் ஒன்றும் அடுத்தடுத்து வருவது வழக்கம். முன்னதைக் கண்டு "நம் புராதனப் பண்பாடு" என்று கைதட்டுவோர், பின்னதில் மணிக் குஞ்சம் தொங்கும் இடுப்புப் பட்டையையும் பெல்லி டான்ஸ் சாயலையும் கண்டு, "அரபு நாட்டுப் புராதன ஆபாசம்" என்று முகஞ் சுளிக்கின்றனர். இவ்விரு தீர்ப்புகளிலும் "புராதனம்" என்னும் சொல் பிழையானது. அப்பிழையை முதலில் நீக்கி, அதன்பின் இன்றைய உடையின் போக்கை ஆராய்வோம்.

பெல்லி டான்ஸ், அதாவது வயிற்று நடனம் என்ற பெயரே அந்நாட்டார் இட்ட பெயரன்று. எகிப்தியர் தம் நடனத்தை "ரக்ஸ் ஷர்க்கி", கீழ்நாட்டு நடனம், என்பர். கிராமத்து மக்களின் ஆட்டத்தை "ரக்ஸ் பலாதி" என்பர். வயிற்றைப் பெயரில் ஏற்றியவர்கள் அதை வேடிக்கை பார்க்கச் சென்ற பிரெஞ்சுக்காரர்கள். 1893-ல் சிக்காகோ நகரத்து உலகக் கண்காட்சியில் இந்நடனம் காட்டப்பட்டபொழுது, அப்பெயரே அமெரிக்காவெங்கும் பரவிற்று. ஆனால் 1836-ல் எகிப்தியரின் பழக்க வழக்கங்களைப் பற்றி நூல் வெளியிட்ட எட்வர்ட் லேன் என்ற ஆங்கிலேயர், தெருவில் ஆடும் கவாஸி மகளிரின் உடை, நடுத்தரக் குடும்பத்துப் பெண்கள் வீட்டிற்குள் உடுத்தும் உடையைப் போன்றதே என்று குறித்திருக்கிறார். நீண்ட அங்கியும் தளர்ந்த காற்சட்டையுமே அவ்வுடை. கச்சு ஒன்று, இடுப்புப் பட்டை ஒன்று, நடுவே திறந்த வயிறு என்ற உடை பின்னாளில் வந்தது.

அது எங்கிருந்து வந்தது? ஐரோப்பிய நாடகக் கொட்டகைகளிலிருந்தும் ஹாலிவுட் படங்களிலிருந்தும் வந்தது. 1908-ல் லண்டன் மேடையில் மாட் ஆலன் என்னும் மாது முத்துச் சரங்கள் கோத்த கச்சணிந்து ஸலோமி வேடத்தில் ஆடினாள். நகரமே திரண்டு பார்த்தது. மேல்நாட்டார் தம் கனவில் கண்ட கீழ்நாட்டுப் பெண் அவள். 1926-ல் கெய்ரோ நகரில் பதியா மஸப்னி தம் கேளிக்கை அரங்கைத் திறந்தபொழுது, அங்கு வந்த சீமான்களும் வெள்ளைக்காரர்களும் எதிர்பார்த்தது அந்தக் கனவையே. அவ்வரங்கில் பயின்ற தஹியா கரியோகாவும் ஸாமியா கமாலும் எகிப்தியப் படங்களில் புகழ் பெற்றனர். அவர்களுடைய ஈருடுப்பு உலகமெங்கும் "ஆதி கால எகிப்து" ஆகிவிட்டது. சரக்கு நம்முடையது, விலாசம் எழுதியவன் அந்நியன். விலாசத்தைப் பார்த்தே நாமும் சரக்கை அறிந்தோம்!

நிற்க, நம் வீட்டுக் கதையும் இதற்கு வெகுதூரமன்று. சதிர் ஆடிய மரபுக் குலத்துப் பெண்கள் புடவையையே ஆட்டத்துக்கு ஏற்றபடி கட்டி, நகை பூண்டு ஆடினார்கள். 1932-ல் சென்னை மியூஸிக் அகாடமி சதிரைப் "பரதநாட்டியம்" என்று அழைக்கத் தீர்மானித்தது. 1935 டிசம்பரில் அடையாற்றில் ருக்மிணி தேவி அரங்கேறினார். அடுத்த ஆண்டில் கலாக்ஷேத்திரம் தோன்றியது. கோவிற் சிற்பங்களைப் பார்த்து அவர் வகுத்த புது உடையைத் தைத்துக் கொடுப்பதில் துணை நின்றவர் கஸான் அம்மையார் என்ற இத்தாலியப் பெண்மணி. ஆகவே, நாம் "ஆயிரமாண்டு மரபு" என்று போற்றும் விசிறி மடிப்புத் தையலுக்கு இன்னும் நூறு ஆண்டு நிறையவில்லை. அதன் வளர்ப்புத் தாய்மாருள் ஒருவர் இத்தாலி தேசத்தவர். 1947-ல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுத்த சட்டம் நியாயமானது. ஆயினும் அடிமைத்தளை அறுந்த அதே காலத்தில், ஆடிய பெண்களின் மேடை பிறர் கைக்குப் போயிற்று என்பதையும் மறைப்பதற்கில்லை. மரபுக் குலத்தில் வந்த பாலசரஸ்வதியோ, புதுத் தையலைக் கொள்ளாமல் கடைசி வரை புடவை உடுத்தியே ஆடினார்.

இதனால் புது உடை பொய் உடை என்று சொல்ல வரவில்லை. உடை பழையதா என்று கேட்பது வீண் கேள்வி. அது தன் வேலையைச் செய்கிறதா என்பதே கேள்வி. பரதநாட்டியக்காரி அரைமண்டியில் அமரும்பொழுது, முழங்கால்களுக்கிடையே விசிறி மடிப்பு விரிகிறது. கடைசி வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பாட்டியும் "நன்றாக உட்கார்ந்தாள், உட்காரவில்லை" என்று அந்த விசிறியைப் பார்த்தே சொல்லிவிடுவாள். எகிப்திய நடனத்திலும் இடுப்பிற் கட்டிய துணியும், அதில் தொங்கும் காசும் மணியும் இவ்வேலையையே செய்கின்றன. இடுப்பின் நுண்ணிய அசைவை மணி பெரிதாக்கிக் காட்டுகிறது. காசு அதற்கு ஓசை கொடுக்கிறது. திறந்த வயிறு இவ்வேலைக்கு இன்றியமையாததன்று. முழு அங்கியின்மேல் இடுப்புத்துணி கட்டி ஆடும் பலாதி ஆட்டமே இதற்குச் சான்று.

இனி இன்றைய போக்கைப் பார்ப்போம். கெய்ரோவிலும் இஸ்தான்புலிலும் தைக்கப்படும் உடைகளில் கனத்த மணிக் குஞ்சங்கள் குறைந்து, பளபளக்கும் கண்ணாடிக் கற்கள் மிகுந்துவிட்டன. பல மடிப்புப் பாவாடை போய், உடலோடு ஒட்டி நீளும் லைக்ரா துணி வந்துவிட்டது. குஞ்சம் அசைவைக் காட்டும்; கல் விளக்கொளியைக் காட்டும். ஆட்டத்துக்கென்று பிறந்த உடை புகைப்படத்துக்கென்று மாறி வருகிறது என்பதே இதன் பொருள். நம் பக்கத்திலும் இதே நோய்தான். சலங்கை கட்டிய கால் தெரியாமல் தரையைத் தொடும் பாவாடையும், முதுகு வளைய இடங்கொடாத ரவிக்கையும் கேமராவுக்கு அழகு. ஆடும் சிறுமிக்கு விலங்கு.

இவற்றினும் விசேஷமானது "தோல் நிற"த் துணி. 1950-களில் எகிப்திய அரசு, நடனமாதர் வயிற்றை மூட வேண்டுமென்று விதித்தபொழுது, அவர்கள் மெல்லிய வலைத்துணியால் மூடிச் சட்டத்தை நிறைவேற்றினார்கள். அத்தந்திரம் இன்று உலக வழக்காகிவிட்டது. சினிமாவில் புகுந்து, நம் தோட்டத்து மேடைக்கும் வந்துவிட்டது. மூடவும் வேண்டும், மூடாதது போலத் தோன்றவும் வேண்டும் என்னும் இரட்டை மனத்துக்கு ஏற்ற துணி இது. ஒழுக்கம் பேசுவோர்க்கு "துணி இருக்கிறது" என்ற பதில். வேடிக்கை பார்ப்போர்க்கு "துணி இல்லை" என்ற மயக்கம். திறந்திருப்பதில் ஒரு நேர்மை உண்டு. மூடியிருப்பதில் ஒரு நேர்மை உண்டு. இதில் இரண்டும் இல்லை.

அன்றியும், கடைக்காரர் "தோல் நிறம்" என்று வெட்டிக் கொடுக்கும் அத்துணி யாருடைய தோலின் நிறம்? வெளுத்த சந்தன நிறம் அது. வெயிலிலே செம்பனைக் குலை வெட்டும் தகப்பனுக்கும், உரம் போடும் தாய்க்கும் பிறந்த பெண், கருத்த கையும் கருத்த முகமுமாக மேடையேறுகிறாள். நடுவே வயிறு மட்டும் வேறொருத்தியின் வயிறாக இருக்கிறது. உடனே யாது செய்கிறோம்? துணியை மாற்றுவதில்லை, முகத்துக்கும் கைக்கும் மாவு பூசிக் குழந்தையை மாற்றுகிறோம்! இது நம்மிடம் மட்டும் உள்ள குறையன்று. பாலே நடனத்திலும் கறுப்பின மாதர் இளஞ்சிவப்புக் காலணிக்குத் தாமே சாயம் பூசி வந்தனர். 2018-ல்தான் லண்டன் ஃப்ரீட் கம்பெனி, பாலே பிளாக் என்ற குழுவுடன் சேர்ந்து, பழுப்பு நிறக் காலணிகளை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அங்கே கேட்டார்கள், கிடைத்தது. இங்கே நாம் இன்னும் கேட்கவேயில்லை.

"வயிறு தெரியலாமா?" என்று சபையில் எழுந்து கேட்கும் பெரியோர்களுக்கு ஒரு வார்த்தை. பரதநாட்டியம் ஆடும் ஆண், இடைக்குமேல் நகை மட்டும் பூண்டு ஆடுவது வழக்கம். 1983-ல் கோலாலம்பூரில் ஸூத்ரா நடனக் குழுவை நிறுவிய ராம்லி இப்ராஹிம் ஒடிஸியை அவ்வாறு ஆடியதைக் கண்டு, கலை ரசிகர்கள் கலையைத்தான் பேசினார்கள். ஆணின் வயிறு கலையாகவும் பெண்ணின் வயிறு குற்றமாகவும் தோன்றுமானால், பிழை எங்கே இருக்கிறது? வயிற்றிலா, கண்ணிலா? அதே வேளையில், பத்து வயதுச் சிறுமிக்குக் கேளிக்கை அரங்கின் உடையை உடுத்தி, பெரியவளின் சாடையைப் பழக்குவதையும் நாம் ஒப்புவதற்கில்லை. அது துணியின் அளவைப் பற்றியதன்று. வயதைப் பற்றியது, அவள் சம்மதத்தைப் பற்றியது. ரங்கூனில் பிறந்து, யுத்த காலத்தில் அகதியாக அஸாமுக்கு நடந்து வந்த ஹெலன், பிழைப்புக்காகச் சினிமாவில் ஆடத் தொடங்கியபோதே சிறு பெண்தான். அவருடைய திறமையைப் போற்றுவோம். அந்த நெருக்கடியை நம் குழந்தைகளுக்கு அலங்காரமாக்க வேண்டியதில்லை.

கடைசியாகப் பணம். நான் தோட்டத்து ஆபீசில் செக்ரோல் எழுதுபவன். கணக்குப் பார்ப்பது தொழில். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 26 நாள் வேலைக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 65 வெள்ளிக்குச் சற்று மேல். ஐந்து நிமிட ஆட்டத்துக்கு ஓர் உடை வாங்கினாலும் வாடகைக்கு எடுத்தாலும், அது எத்தனை நாள் குலை வெட்டு என்று ஆசிரியரும் விழாக் கமிட்டியாரும் எண்ணிப் பார்க்க வேண்டும். உடைக்கு இல்லாத காரணத்தால் ஒரு பிள்ளை வரிசையிலிருந்து விலக்கப்படுமானால், அவ்வுடை எவ்வளவு அழகாயிருந்தாலும் குற்றமுள்ளதே.

ஆகவே, விழா நடத்தும் அன்பர்கள் தையற்காரரிடம் மூன்று கேள்விகள் கேட்பார்களாக. இவ்வுடையில் என் பிள்ளை தடையின்றி ஆட முடியுமா? இவள் வயதுக்கும் இவள் விருப்பத்துக்கும் இது பொருந்துமா? உள்துணி இவளுடைய நிறத்தில் கிடைக்குமா? மூன்றாவது கேள்வியைக் கேட்டால் தையற்காரர் சற்றுத் திகைப்பார். திகைக்கட்டும். நூறு பேர் கேட்டால், கடைக்காரர் கறுப்புக்கும் பழுப்புக்கும் ஒரு துணிக்கட்டு வரவழைப்பார். அது வரும்வரை வெளுத்த வலைத்துணியை மடித்து வைத்துவிட்டு, நல்ல வண்ணத்தில் முழு ரவிக்கை தைத்து உடுத்துவோம். அல்லது உள்ள வயிற்றை உள்ளபடியே விடுவோம். நம் பெண்களின் தோலுக்கு மாற்றுத் துணி வேண்டுவதில்லை.