முறுக்க எத்தனை டிகிரி, மாட்ட எத்தனை நிமிடம்?

தென் ஆஸ்திரேலியாவின் ஊட்னடாட்டா தடத்தில், பழைய கான் ரயில்பாதையோரம், பேரீச்சை மரங்களும் வெதுவெதுப்பான நீர்க்குளமுமாக இருக்கும் கவர்ட் ஸ்பிரிங்ஸ் முகாமில் ஒரு காலை. வாடகைக்கு எடுத்த கேம்பர் ட்ரெய்லரை வண்டியோடு மாட்ட வேண்டும். நான் ஸ்டியரிங்கில், மனைவி பின்னால். "ஏங்க, இன்னும் ஒரு விரக்கடை... போதும், போதும்! அய்யோ, தாண்டிடுச்சு." நான்கு முறை முன்னும் பின்னுமாக ஆடினோம். பக்கத்துக் கூடாரத்துப் பெரியவர் காபிக் கோப்பையோடு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வண்டியையும் ட்ரெய்லரையும் இணைக்கும் ஹிட்ச் பற்றி நான் படித்த விளம்பரத் தாள் எதிலும் இந்தக் காட்சி இல்லை. எத்தனை டிகிரி சுழலும், எத்தனை டன் தாங்கும் என்பதே பெரிய எழுத்தில் இருந்தது.

டிகிரி வேண்டாம் என்று சொல்லவில்லை. வண்டிக்கும் ட்ரெய்லருக்கும் நடுவில் மூன்று அசைவுகள் உண்டு. வளைவில் திரும்பும் இடவல அசைவு, மேடு பள்ளத்தில் வரும் ஏற்ற இறக்கம், வண்டி ஒரு பக்கமும் ட்ரெய்லர் மறுபக்கமும் சாயும்போது வரும் முறுக்கம். ஆஸ்திரேலியாவில் எங்கும் காண்கிற 50 மில்லிமீட்டர் டோ பால் என்னும் இரும்புக் குண்டு முதல் இரண்டையும் பெரும்பாலும் சமாளிக்கும். மூன்றாவதில்தான் திணறும். விக்டோரியாவின் ஹை கன்ட்ரி மலைத் தடங்களில், மழைநீரை ஓரமாகத் தள்ள மண்ணைக் குவித்து மேடு கட்டியிருப்பார்கள். அதைக் குறுக்காக ஏறினால் முன் வண்டி இடப்பக்கம் சாயும்போது ட்ரெய்லர் வலப்பக்கம் சாய்ந்திருக்கும். நண்பர் தன் கேம்பரை அப்படி ஏற்றியபோது நான் பின்னால் நடந்து வந்தேன். ட்ரெய்லர் முனையில் குண்டைக் கவ்வும் கப்ளிங்கின் உதடு குண்டின் கழுத்தில் முட்டிக்கொண்டு கிர்ரென்று முனகியது. இறங்கிப் பார்த்தால் கழுத்தில் பளபளவென்று புதுத் தேய்மானம். அந்த இடத்தில் கப்ளிங் நெம்புகோல் ஆகிவிடுகிறது. ட்ரெய்லர் புரண்டால் வண்டியையும் சேர்த்துப் புரட்டப் பார்க்கும்.

ஆனால் ஊட்னடாட்டா தடம் அப்படியில்லை. மாரீயிலிருந்து மார்லா வரை ஏறக்குறைய 600 கிலோமீட்டருக்குப் பெரும்பாலும் தட்டையான மண்சாலை. அங்கே எதிரி முறுக்கம் அல்ல, சலவைப் பலகை போன்ற வரிமேடுகள். நாள் முழுக்க இரும்போடு இரும்பு தட்டிக்கொண்டே வரும். நட்டு தளரும், கிளிப் தெறிக்கும். இரண்டு பாதைக்கும் ஒரே 'ஆஃப் ரோடு' பட்டத்தை ஒட்டி விற்பது எனக்குக் கொஞ்சம் உறுத்தல்தான்.

வரிமேட்டுக்குப் பாலிபிளாக் வகை ஹிட்ச் அருமையான பொருள். கெட்டியான பாலியூரிதேன் கட்டை ஒன்று அதிர்வை வாங்கிக்கொள்கிறது. காருக்குள் சத்தமே இல்லை. முறுக்கத்துக்கும் இடம் கொடுக்கிறது. தண்டனையெல்லாம் மாட்டும்போதுதான். கட்டையின் துளையும் வண்டிப் பக்கத்துத் துளையும் நேருக்கு நேர் வந்தால்தான் ஆணி இறங்கும். சமதளத்தில் பரவாயில்லை. ட்ரெய்லர் சரிவில் நின்றால் ஜாக்கி வீலை ஏற்றி இறக்கி, ரப்பர் சுத்தியலால் தட்டி, கடைசியில் ட்ரெய்லரையே இடுப்பால் முட்டித் தள்ளும் நிலை. அந்த ஆணியைப் பிடித்து நிற்பது சின்னக் கிளிப் ஒன்று. மாட்டுவண்டிக்குக் கடையாணி எப்படியோ, இதற்கு அது அப்படி. கையிருப்பில் மூன்று வைத்திருங்கள்.

சொந்தமாக கேம்பர் வாங்கியபோது நான் போட்டது குரூஸ்மாஸ்டர் டிஓ35. வண்டியின் பின்னால் நீளும் நாக்கில் குண்டு இருந்த இடத்தில் கூம்புத் தலையோடு ஒரு முளை நிற்கும். ட்ரெய்லர் பக்கத்து வாய் மேலிருந்து அதன்மேல் இறங்கி, விசைப்பூட்டு 'டக்' என்று விழும். தலை கூம்பாக இருப்பதால் ஒன்றிரண்டு விரக்கடை பிசகினாலும் இறங்கும்போது அதுவே நேராகிவிடுகிறது. முறுக்கத்தில் முழுவட்டம் சுழலும். 3.5 டன் தாங்கும். என் கேம்பர் நிறைசுமையில் 1.6 டன்தான், ஆகவே எடைக்காக நான் இதை வாங்கவில்லை. முதல் பயணத்திலேயே இரண்டாவது முயற்சியில் மாட்டிவிட்டோம். மனைவி கைதட்டவில்லை; ஆனால் திட்டவும் இல்லை. வண்டி ஏற்றத்திலும் ட்ரெய்லர் இறக்கத்திலும் நின்றால் மட்டும் வாய் சாய்ந்து இறங்கி அடம்பிடிக்கிறது. அப்போது வண்டியைச் சற்று நகர்த்தி நிறுத்துவதுதான் வழி, பலத்தைக் காட்டிப் பயனில்லை.

ஹிட்ச்சில் 3.5 டன் என்று பொறித்திருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். டோ பார் தகடு, வண்டியின் இழுவைத் திறன், நாக்கு, பாதுகாப்புச் சங்கிலி ஆகியவற்றில் எது குறைவோ அதுதான் உங்கள் வரம்பு. ட்ரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு முளையின்மேல் அழுத்துவது நல்லது. பின்பக்கத் தொட்டியில் 80 லிட்டர் தண்ணீர் நிரப்பினால் அந்தக் கணக்கு மாறிவிடும். சங்கிலி 2.5 டன் வரை ஒன்று போதும் என்கிறது விதி, அதற்கு மேல் இரண்டு. நான் எப்படியும் இரண்டு போட்டு, கப்ளிங்குக்கு அடியில் குறுக்காகக் கட்டுகிறேன். பிரேக்கையும் முதலில் பாருங்கள். ட்ரெய்லர் முன்னோக்கித் தள்ளுகிற விசையிலேயே இயங்கும் ஓவர்ரைடு பிரேக் உங்களுடையது என்றால், அந்த அமைப்பு கப்ளிங்கோடு சேர்ந்தே வருவது. வெறும் ஹிட்ச்சை மட்டும் மாற்ற முடியாது. மின்பிரேக்குக்கும் சேர்த்துக் காசு எண்ண வேண்டும்.

மணலில் புதைந்த வண்டியை இழுக்க டோ பாலில் பட்டையை மாட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை. குண்டு உடைந்து துப்பாக்கிக் குண்டாகப் பறந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள் இந்த நாட்டில். முளையும் அதற்கானதல்ல. நாக்கைக் கழற்றிவிட்டு, மீட்புக்கென்றே மதிப்பிட்ட கொக்கியை அது செருகியிருந்த சதுரக் குழாயில் செருகுங்கள்.

பாலிபிளாக்கானாலும் முளையானாலும் ஒரு சங்கடம் பொது. நடுக்காட்டில் உங்கள் வண்டி படுத்துவிட்டால், உதவிக்கு வருகிறவரிடம் பெரும்பாலும் 50 மில்லிமீட்டர் குண்டுதான் இருக்கும். உங்கள் கேம்பர் அதில் உட்காராது. குண்டோடு பொருந்தும் ஆஃப் ரோடு பால் கப்ளிங்குகளும் 3.5 டன் தரத்தில் கிடைக்கின்றன. சாதாரணக் கப்ளிங்கைவிட முறுக்கத்துக்குக் கூடுதலாக இடம் கொடுக்கும். மண்சாலையோடு நிறுத்திக்கொள்கிறவர்களுக்கும், கேம்பரை மச்சானுக்கும் நண்பருக்கும் இரவல் கொடுக்கிறவர்களுக்கும் நான் அதையே சொல்வேன். மலைத்தடம் போகிறவர்கள் முளைக்கு வரட்டும். வரும்போது கூடவே இன்னொரு முளையும் அதன் நட்டும் அதற்கான பெரிய ஸ்பேனரும் வாங்கிக்கொள்ளுங்கள். என்னுடையது சீட்டுக்கடியில் பழைய துண்டில் சுற்றிக் கிடக்கிறது. இதுவரை இரண்டு முறை வெளியே வந்திருக்கிறது, இரண்டு முறையும் வேறொருவர் வண்டியில் ஏற.