ஃபார்ம் இழக்கும் உரிமை

கிரிக்கெட்டின் தயவில் ‘ஃபார்ம்’ என்ற சொல் நம் வீடுகளுக்குள் எப்போதோ வந்துவிட்டது. ‘அவன் இப்போ ஃபார்ம்ல இல்ல’ என்று சொல்லும்போது அந்தக் குறையோடு ஒரு நம்பிக்கையும் சேர்ந்தே ஒலிக்கிறது. இன்று இல்லை, நாளை வந்துவிடும். ஃபார்ம் என்பது போய்த் திரும்புகிற ஒன்று. ஆனால் அதை இழப்பதற்குக்கூட ஒரு தகுதி வேண்டும். அது உங்களிடம் இருந்தது என்று ஊர் முதலில் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் ஆண்களின் ஃபுட்பால் சீசன் மார்ச் வாக்கில் தொடங்கி செப்டம்பர் கடைசியில் முடிகிறது. பாதி ஆட்டங்கள் முடியும் ஜூன் மாதத்தில் நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் வீரர்களுக்கு மதிப்பெண் போட ஆரம்பிக்கின்றன. நம் பள்ளிகளின் அரையாண்டுத் தேர்வு மாதிரிதான். யாருக்கு ஏறுமுகம், யாருக்கு இறங்குமுகம், யார் வாங்கும் சம்பளத்துக்கு ஆடவில்லை என்று பட்டியல் நீளும். 2017-இல் ஏ.எஃப்.எல்.டபிள்யூ. என்ற பெண்கள் லீக் தொடங்கிய பிறகு இந்தப் பட்டியல் பெண்களுக்கும் வந்தது. இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்துப் படித்தால் ஒரு விஷயம் உறுத்துகிறது. ஆண் மோசமாக ஆடினால் அது அவனுடைய அந்த மாதத்து ஃபார்ம். பெண் மோசமாக ஆடினால் அது பெண்களின் தகுதி பற்றிய தீர்ப்பு.

இந்த ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்குச் சில வார்த்தைகள். மைதானமும் முட்டை வடிவம், பந்தும் முட்டை வடிவம். இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுக் கம்பங்கள் இரண்டுக்கும் இடையே உதைத்துச் செலுத்தினால் கோல், 6 புள்ளி. பக்கத்து இடைவெளியில் போனால் 1 புள்ளி. ஆண்கள் ஆட்டத்தில் அணிக்கு 18 பேர் களத்தில் நிற்கிறார்கள், பெண்கள் ஆட்டத்தில் 16 பேர். பந்தை உதைக்கலாம், அல்லது ஒரு கையில் ஏந்தி மறு கை முட்டியால் குத்தி அனுப்பலாம், எறியக் கூடாது. இப்படி அனுப்புவதை எல்லாம் சேர்த்து ‘டிஸ்போசல்’ என்று எண்ணுகிறார்கள். பந்து வைத்திருப்பவரைப் பிடித்து நிறுத்துவது ‘டாக்கிள்’.

அரையாண்டு மதிப்பெண்ணின் முதல் சிக்கல் இந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது. நடுக்களத்தில் ஓடுகிறவரிடம் பந்து அடிக்கடி வரும். அவர் கணக்கில் டிஸ்போசல் ஏறிக்கொண்டே போகும். பின்களத்தில் நிற்கிறவரின் வேலை வேறு. எதிரணி ஆட்டக்காரர் பந்தைப் பிடிக்காமல் பார்த்துக்கொள்வதும், வருகிற பந்தைத் தட்டிவிடுவதும், இடத்தை அடைத்து நிற்பதும்தான் அவருடைய பாடு. எதிரணியின் சிறந்த கோல் வீராங்கனை ஒரு கோல்கூட அடிக்காமல் திரும்பினால் அதற்குக் காரணமானவரின் பெயர் மறுநாள் தலைப்பில் இருக்காது. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் நடுவர்கள் 3, 2, 1 என்று வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் சிறந்த ஆட்டக்காரர் விருதும் பெரும்பாலும் நடுக்களத்துக்கே போகிறது. இது ஆண்கள் லீக்குக்கும் பொருந்தும். ஆனால் பெண்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. எது நடந்தது என்பதற்கு மதிப்பெண் உண்டு. எது நடக்காமல் பார்த்துக்கொண்டோம் என்பதற்குக் கிடையாது. வீட்டை நடத்திய எவளுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது சிக்கல் மதிப்பெண்ணில் இல்லை, அதை வாசிக்கும் முறையில் இருக்கிறது. கார்ல்டன் அணியின் பேட்ரிக் கிரிப்ஸை எடுத்துக்கொள்வோம். 2021-இல் அவருடைய ஆட்டம் தளர்ந்துவிட்டது என்று பரவலாகப் பேசப்பட்டது. முதுகுக் காயத்தோடு ஆடிக்கொண்டிருந்தார். மறு ஆண்டே பிரௌன்லோ பதக்கம் வென்றார். 2024-இல் 45 வாக்குகள் என்ற புதிய சாதனையோடு மறுபடியும் வென்றார். அந்த 2021-ஐப் பற்றி எழுதியவர்கள் கடுமையாகவே எழுதியிருக்கலாம். ஆனால் ஆண்களால் இந்த ஆட்டத்தை ஆட முடியுமா என்ற கேள்வி எவருக்கும் எழவில்லை. கிரிப்ஸின் சரிவு கிரிப்ஸோடு நின்றது.

அதே கார்ல்டன், 2017 பிப்ரவரி 3 அன்று மெல்பர்னில் காலிங்வுட்டை எதிர்த்துப் பெண்கள் லீக்கின் முதல் ஆட்டத்தை ஆடியது. 24,500-க்கும் அதிகமானோர் உள்ளே இருந்தார்கள். இடமில்லாமல் கதவுகள் மூடப்பட்டன. வெளியே நின்றவர்களிடம் லீக்கின் தலைமை நிர்வாகியே மன்னிப்புக் கேட்டார். ஓராண்டுதான் கழிந்தது. 2018 சீசனின் தொடக்கத்தில் புள்ளிகள் குறைவாக விழுந்தபோது, ஆட்டம் நெரிசலாகிறது, முன்களத்தில் ஆட்களை நிறுத்துங்கள் என்று லீக் நிர்வாகம் பயிற்சியாளர்களுக்குக் குறிப்பு அனுப்பியது. சீசன் பாதியைக்கூட எட்டவில்லை, அதற்குள் தேர்வுத்தாள் திருத்தப்பட்டுவிட்டது. அதே 2018-இல் ஆண்கள் லீக்கிலும் சராசரிப் புள்ளிகள் அரை நூற்றாண்டில் காணாத அளவுக்குக் குறைந்தன. அங்கும் விதியை மாற்றினார்கள். 2019 முதல் மைதானத்தின் மையத்தில் ஆட்டம் தொடங்கும் ஒவ்வொரு முறையும் முன்களம், நடுக்களம், பின்களம் ஒவ்வொன்றிலும் ஆறு பேர் நிற்க வேண்டும் என்றார்கள். நோய் ஒன்றுதான். ஆண்களிடம் வந்தபோது அதைப் பயிற்சியாளர்களின் தற்காப்பு உத்தி என்றார்கள். பெண்களிடம் வந்தபோது, இவர்களுக்கு ஆடத் தெரியவில்லை என்ற குரலே ஓங்கி ஒலித்தது.

2019 மார்ச்சில் இன்னொன்று நடந்தது. கார்ல்டனின் டேலா ஹாரிஸ் கோலை நோக்கி உதைக்கும் ஒரு கணத்தை மைக்கேல் வில்சன் படம் எடுத்தார். இரு கால்களும் தரையை விட்டு எழும்ப, உதைத்த கால் தலைக்கு மேலே நீண்டிருக்கும் படம். ஒரு தொலைக்காட்சி நிறுவனம் அதைச் சமூக ஊடகத்தில் வெளியிட்டதும் அருவருப்பான பின்னூட்டங்கள் குவிந்தன. நிறுவனம் பின்னூட்டங்களை விட்டுவிட்டுப் படத்தை நீக்கியது. கண்டனம் எழுந்த பின்பு மன்னிப்புக் கேட்டுத் திரும்பப் போட்டது. அதே ஆண்டு அந்த உதையின் வெண்கலச் சிலை மெல்பர்னின் ஃபெடரேஷன் சதுக்கத்தில் வைக்கப்பட்டது. வசை ஒரு பக்கம், சிலை மறு பக்கம். இரண்டுக்கும் நடுவே ஒரு எளிய கேள்வி காணாமல் போனது. அந்தப் பந்து எங்கே போனது? அந்த சீசனில் முன்கள வீராங்கனையாக ஹாரிஸின் ஆட்டம் எப்படி இருந்தது? ஒரு ஆட்டக்காரரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. அவளுடைய உடலைப் பற்றிப் பேசியவர்களும் கேட்கவில்லை, அவளைப் போற்றியவர்களில் பலரும் கேட்கவில்லை.

போற்றுதலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் பக்கத்துத் தவறு. ‘வரலாற்றுச் சிறப்பு’, ‘துணிச்சல்’, ‘உத்வேகம்’ என்ற சொற்களால் நிரம்பிய ஆட்ட விமர்சனம் ஆட்டத்தைப் பார்க்காமலேயே எழுதக்கூடியது. எளிதான கோலைத் தவறவிட்டவளிடம் ‘பரவாயில்லை, நீ வந்ததே பெரிது’ என்று சொல்வது அன்பு மாதிரித் தெரியும். அவள் வாரம் முழுவதும் பயிற்சி செய்தது வந்து நிற்பதற்காக அல்ல. வசைபாடுகிறவன் அவளை ஆட்டக்காரராகப் பார்க்க மறுக்கிறான். சலுகை தருகிறவரும் அதையேதான் கொஞ்சம் மென்மையாகச் செய்கிறார்.

சரி, கறாராக மதிப்பிடுவோம் என்று உட்கார்ந்தால் மூன்றாவது சிக்கல் எதிரே வருகிறது. எதை வைத்து? ஆண்கள் அணி ஒன்று இறுதிச்சுற்றுகளுக்கு முன் 23 ஆட்டங்கள் ஆடுகிறது. அரையாண்டு என்றால் பதினோரு, பன்னிரண்டு ஆட்டங்கள். பெண்கள் லீக் 2017-இல் 8 அணிகளோடு 7 சுற்றுகள் ஆடியது; அப்போது பாதி என்பது மூன்றரை ஆட்டம். 2022 ஆகஸ்டு முதல் 18 சங்கங்களுக்கும் பெண்கள் அணி உண்டு. ஓர் அணிக்கு ஆட்டங்களோ பத்து, பிறகு பதினொன்று, 2025-இல் பன்னிரண்டு. எதிரணிகள் 17 இருக்க, ஆட்டங்கள் 12 என்றால் ஐந்து அணிகளை அவள் சந்திக்கவே மாட்டாள். முதல் ஆறு ஆட்டங்களில் வலுவான அணிகளே வந்தால் அவள் ‘இறங்குமுகம்’. பலவீனமான அணிகள் வந்தால் ‘ஏறுமுகம்’. ஒரு மழை நாள், ஒரு கணுக்கால் சுளுக்கு போதும், சராசரி கவிழ்ந்துவிடும். போதிய ஆட்டங்களைக் கொடுக்காமல் போதிய ஆதாரம் இல்லையே என்று கேட்கும் தந்திரம் நமக்குப் பழக்கமானதுதான்.

ஃப்ரீமேண்டில் அணியின் கியாரா பவர்ஸின் கதையில் இது முழுவதும் தெரிகிறது. லீக் தொடங்குவதற்கு முன்பே நட்சத்திர வீராங்கனையாக ஒப்பந்தமானவர். முழங்கால் காயங்களால் 2017-இலும் 2018-இலும் ஒரு ஆட்டம்கூட ஆட முடியவில்லை. அந்த ஆண்டுகளில் எந்தப் பட்டியலிலும் அவருக்கு மதிப்பெண் இருந்திருக்க வழியில்லை. 2019-இல் களமிறங்கி, டாக்கிள் என்றாலே அவர்தான் என்ற பெயரை எடுத்தார். 2020-இல் அவருடைய அணி ஒரு தோல்விகூடக் காணாமல் போய்க்கொண்டிருந்தபோது கொரோனா வந்தது. பெண்கள் சீசன் இறுதிச்சுற்றுகளின் நடுவே கைவிடப்பட்டது. கோப்பை எவருக்கும் இல்லை. அதே ஆண்டு ஆண்கள் சீசன் முதல் சுற்றோடு நின்றது. அதை ஜூனில் மீட்டெடுத்தார்கள். ஆட்ட நேரத்தைக் குறைத்து, மாநிலம் விட்டு மாநிலம் மாற்றி, இறுதிப் போட்டியைப் பிரிஸ்பேனில் நடத்தி முடித்தார்கள். ஒரு சீசன் காப்பாற்றத் தக்கது, இன்னொன்று இல்லை என்பதும் ஒரு மதிப்பெண்தான். பவர்ஸ் 2021-இல் பிரியானா டேவியோடு சேர்ந்து சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். பெரும்பாலும் மற்றவரைத் தடுத்து நிறுத்துவதால் அறியப்பட்ட ஒருவருக்கு அது கிடைத்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

பணத்தைப் பேசாமல் ஃபார்மைப் பேச முடியாது. 2017-இல் பெரும்பாலான வீராங்கனைகளுக்குக் கிடைத்தது 8,500 ஆஸ்திரேலிய டாலர். அதனால் பலர் பகலில் வேறு வேலை பார்த்தார்கள், மாலையில் பயிற்சிக்கு வந்தார்கள். 2023-இல் ஏற்பட்ட ஒப்பந்தம் 2027-க்குள் சராசரியை 82,000 டாலருக்குக் கொண்டுபோவதாகச் சொல்கிறது. அதுவரையிலும் நான்காவது கால் பகுதியில் ஒருத்தியின் கால் தளர்ந்தால் அது ஃபார்மா, அன்றைய வேலைநேரமா என்று கேட்டுவிட்டுத்தான் மதிப்பெண் போட வேண்டும்.

நேர்மையான அரையாண்டு மதிப்பீடு என்பது இத்தனையையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் தீர்ப்பைச் சொல்லத் தயங்காதது. அவளை ஆண்களோடு ஒப்பிடாமல், சென்ற ஆண்டு ஆடிய அவளோடு ஒப்பிடுவது. எத்தனை டிஸ்போசல் என்பதோடு நிற்காமல், அவற்றில் எத்தனை தன் அணிக்காரரிடம் சேர்ந்தன என்று பார்ப்பது. யாரை எதிர்த்து, எந்த இடத்தில் நின்று ஆடினாள் என்று சொல்வது. இறங்கியிருந்தால் இறங்கியிருக்கிறது என்று எழுதுவது.

எரின் ஃபிலிப்ஸுக்கு 13 வயதானபோது, பையன்களோடு இனி ஆடக் கூடாது என்று விதி சொன்னது. பெண்களுக்கென்று அவர் முன்னேற வழியும் இல்லை. கூடைப்பந்துக்குப் போய் ஒலிம்பிக் வெள்ளி வரை வென்றார். 31 வயதில் ஃபுட்பாலுக்குத் திரும்பி 2017-இன் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். 2018 தொடக்கத்தில் காயத்தால் ஆட முடியவில்லை. அந்த அரையாண்டுப் பட்டியலை மட்டும் பார்த்த எவரும் வயதைக் கூட்டிக் கழித்து முடித்திருப்பார்கள். 2019-இல் விருதை மீண்டும் வென்றார். அந்த ஆண்டு இறுதிப் போட்டியில் முழங்கால் தசைநார் கிழிந்து தூக்குப்படுக்கையில் வெளியேறியபோது, அடிலெய்டு மைதானத்தில் 53,000-க்கும் மேற்பட்டோர் எழுந்து நின்று கைதட்டினார்கள். அது பரிதாபத்தின் கைதட்டல் அல்ல. அன்று அவர் எப்படி ஆடினார் என்று பார்த்துத் தெரிந்துகொண்டவர்களின் கைதட்டல்.

கவிதை எழுதுகிறவளாக எனக்கு இதில் சொந்தக் கணக்கும் உண்டு. என் தொகுப்பைப் பற்றி ‘பெண்கள் இப்படி எழுதலாமா’ என்ற கட்டுரையும் வந்தது, ‘பெண்கள் இப்படி எழுதுவதே சாதனை’ என்ற கட்டுரையும் வந்தது. நான் காத்திருந்தது மூன்றாவது ஒன்றுக்காக. முந்தைய தொகுப்பைவிட இது பலவீனமானது, காரணம் இன்ன இன்ன என்று யாராவது எழுதுவதற்காக. அப்படி எழுதப்பட்டால் எனக்கு வலிக்கும். ஆனால் அடுத்த தொகுப்பு எனக்கு உண்டு என்பதும் அந்த வரியிலேயே இருக்கும்.