வானிலைப் பகடையை எப்போது உருட்டுவது?

பழைய அட்டைப் போர் விளையாட்டுகளைப் பற்றிப் பேச்சு எடுத்தால் இரண்டு விஷயம் கட்டாயம் வரும். ஒன்று, அறுகோணக் கட்டம் போட்ட வரைபடத்தில் சின்னச் சின்ன அட்டைக் காய்களை நகர்த்திய சுகம். இன்னொன்று, "எல்லாம் சரியாத்தான் செஞ்சேன், பகடை கவுத்திடுச்சு" என்கிற புலம்பல். முதலாவதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். இந்தக் குறிப்பு இரண்டாவதைப் பற்றியது, அதிலும் குறிப்பாக அந்த ஆட்டங்களில் வரும் வானிலை விதிகளைப் பற்றியது. என் கட்சி இதுதான்: பகடை இருப்பதில் தப்பில்லை, அதை எந்த நேரத்தில் உருட்டுகிறோம் என்பதில்தான் தப்பு.

முதலில் நம்ம ஊர் ஆட்டங்களை வைத்தே ஆரம்பிக்கலாம். ஆடுபுலி ஆட்டம் பாறையிலும் கோயில் தளத்திலும் கோடு போட்டு ஆடுவது. 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. ஒரு பக்கம் எண்ணிக்கை, மறுபக்கம் பலம். சரிசமம் இல்லாத இரண்டு படைகள் மோதுவதால் சதுரங்கத்தைவிட இதையே நல்ல போர் விளையாட்டு என்பேன். இதில் தற்செயலுக்கு இடமே கிடையாது. எல்லாம் கண்ணெதிரே இருக்கிறது. தோற்றால் நாம்தான் தோற்றோம், வேறு யாரையும் கைகாட்ட முடியாது.

தாயம் நேர் எதிர். பித்தளைக் கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் நான்கு பக்கம், அவற்றில் 0, 1, 2, 3. மொத்தம் 16 விதமாக விழலாம். தாயம், அதாவது ஒன்று, விழ 16-இல் 2. இரண்டுக்கு 3, மூன்றுக்கு 4, நாலுக்கு 3, ஐந்துக்கு 2, ஆறுக்கு 1. இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு, அதற்கு 1. காயை இறக்கவே தாயம் வேண்டும். எட்டு முறை உருட்டியும் ஒரு தாயம்கூட விழாமல் போக நூற்றுக்கு 34 வாய்ப்பு உண்டு. "இன்னைக்கு கை சரியில்ல" என்று எழுந்து போகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. கையில் ஒன்றும் இல்லை, கணக்கே அப்படி.

ஆனாலும் தாயம் வெறும் அதிர்ஷ்ட ஆட்டம் இல்லை. கட்டை விழுந்த பிறகு எந்தக் காயை நகர்த்துவது, யாரை வெட்டுவது என்ற முடிவு நம் கையில் இருக்கிறது. பகடை முன்னால், முடிவு பின்னால். இதை முன்பகடை என்று வைத்துக்கொள்வோம். முடிவை எடுத்துவிட்டு அப்புறம் உருட்டினால் அது பின்பகடை. மேலே பார்க்கும்போது சின்ன வித்தியாசம்தான். ஆனால் ஆட்டத்தின் குணமே இதில்தான் மாறுகிறது. முன்பகடையில் நாம் கிடைத்ததை வைத்துச் சமாளிக்கிறோம். பின்பகடையில் கிடைக்குமா என்று தெரியாமலே கையை நீட்டுகிறோம்.

போர் விளையாட்டு வரலாற்றில் பின்பகடைக்கு நீண்ட பாரம்பரியம் உண்டு. பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் 1824-இல் கொண்டுவந்த கிரீக்ஸ்பீல் ஆட்டத்தில் அதிகாரிகள் உத்தரவு எழுதிக் கொடுப்பார்கள், நடுவர் பகடை உருட்டி விளைவைச் சொல்வார். உத்தரவு முதலில், விளைவு பிறகு. அமெரிக்காவில் சார்லஸ் ராபர்ட்ஸ் 1954-இல் டாக்டிக்ஸ் ஆட்டத்தை வெளியிட்டார். அவருடைய அவலான் ஹில் நிறுவனம் 1958-இல் கெட்டிஸ்பர்க்கைக் கொண்டுவந்தது. இந்த வரிசை ஆட்டங்களில் மோதலுக்கும் அதே முறைதான். தாக்குபவன் பலத்தைத் தற்காப்பவன் பலத்தால் வகுத்து விகிதம் கண்டுபிடி, பகடை உருட்டு, அட்டவணையில் பார். மூன்றுக்கு ஒன்று கிடைக்கும்வரை காத்திருப்பதா, இரண்டுக்கு ஒன்றிலேயே இறங்கிவிடுவதா என்பதுதான் ஆட்டமே.

சரி, வானிலைக்கு வருவோம். ஜெட்கோ 1974-இல் வெளியிட்ட, பிறகு 1976-இல் அவலான் ஹில் எடுத்துக்கொண்ட 'ரஷ்யன் கேம்பெய்ன்' இன்றும் பலர் கொண்டாடும் ஆட்டம். நானும் அதன் ரசிகன்தான். ஒரு சுற்று என்பது இரண்டு மாதம். இலையுதிர் காலம் வந்தால் பகடை உருட்டித் தரை காய்ந்திருக்கிறதா, சேறா, பனியா என்று தீர்மானிக்க வேண்டும். இதை எப்போது உருட்டுகிறோம்? சுற்றின் ஆரம்பத்தில். அதாவது அடுத்த இரண்டு மாதத்துக்குச் சேறு என்று தெரிந்துகொண்டு, அதற்கேற்றபடி டாங்கிப் படையை நிறுத்துகிறோம். மோதலில் பின்பகடையாக இருந்தது வானிலையில் முன்பகடை ஆகிவிட்டது. எந்தத் தளபதிக்கு இந்த வரம் கிடைத்தது?

இதை உரசிப் பார்க்க ரஷ்யாவரை போக வேண்டாம். கம்பம் பள்ளத்தாக்கே போதும். லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல்வயல் முல்லைப் பெரியாறு தண்ணீரை நம்பி இருக்கிறது. வழக்கப்படி ஜூன் 1-ஆம் தேதி திறக்க வேண்டும், ஆனால் அணையில் தண்ணீர் குறைவாக இருந்தால் தள்ளிப்போகும். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. பள்ளத்தாக்கு மலையின் மறைவில் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை நமக்குக் காற்றும் சாரலுமாக வந்துவிட்டுப் போய்விடும். நம் வயலுக்குத் தண்ணீர் தருகிற மழை மலைக்கு அந்தப் பக்கம், தேக்கடி வனத்தில் பெய்கிறது. இன்னொருவர் பலகையில் விழுகிற பகடைக்கு இங்கே காய் நகர்கிறது.

அந்த விவசாயி என்ன செய்கிறார்? கிணறு உள்ளவர் தண்ணீர் திறக்கும் முன்பே நாற்று பாவிவிடலாம். கிணறு இல்லாதவர் காத்திருப்பார். பாவியவருக்குத் திறப்பு தள்ளிப்போனால் நாற்று முற்றிப்போகும். காத்திருந்தவருக்கு முதல் போகம் பின்தங்கும், அறுப்பு வடகிழக்குப் பருவமழையில் போய் மாட்டும், அதோடு இரண்டாம் போகமும் தள்ளும். திராட்சைக்காரர் கதையும் இதுதான். இன்று கவாத்து வெட்டினால் பழம் சுமார் நான்கு மாதம் கழித்து வரும். பழுக்கும் நேரத்தில் மழை பிடித்தால் பழம் வெடித்துவிடும். முடிவு முதலில், வானம் பிறகு. சுத்தமான பின்பகடை.

இதில் இன்னும் இரண்டு சங்கதி இருக்கிறது. ஒன்று, இந்தப் பகடைக்கு ஞாபகம் உண்டு. அணையின் நீர்மட்டம் என்பது போன மாதங்களின் மழை இன்றைக்கு விட்டுச்சென்ற கணக்கு. தாயக்கட்டைக்குப் போன உருட்டல் நினைவில் இருக்காது, அணைக்கு இருக்கும். இரண்டு, விவசாயி இருட்டில் குதிப்பதில்லை. நீர்மட்டம் தினமும் பத்திரிகையில் வருகிறது. அவருக்குப் பாதி தெரியும், பாதி தெரியாது. அந்தப் பாதிக்கும் பாதிக்கும் நடுவில்தான் உத்தி என்ற ஒன்றே பிறக்கிறது. முழுக்கத் தெரிந்தால் அது ஆடுபுலி. எதுவுமே தெரியாவிட்டால் பரமபதம்.

போர்க்களத்திலும் இப்படித்தான் நடந்தது. நார்மண்டித் தரையிறக்கம் 1944 ஜூன் 5-க்குக் குறிக்கப்பட்டிருந்தது. புயல் காரணமாக ஐசன்ஹோவர் ஒரு நாள் தள்ளினார். 6-ஆம் தேதி சிறிது இடைவெளி கிடைக்கும் என்று வானிலை அதிகாரி ஸ்டாக் சொன்னதை நம்பி இறங்கினார். அன்று விட்டிருந்தால் கடல் ஏற்ற இறக்கக் கணக்குப்படி அடுத்த வாய்ப்பு சுமார் இரண்டு வாரம் கழித்துத்தான். அந்த நாட்களில், ஜூன் 19 முதல், கால்வாயில் பெரும் புயல் வீசியது. "நல்ல முடிவு" என்று நாம் இன்று சொல்கிறோம். ஆனால் 6-ஆம் தேதி அந்த இடைவெளி கிடைக்காமல் போயிருந்தாலும், அன்று கையில் இருந்த தகவலுக்கு அது நல்ல முடிவுதானே?

என் கவலை முழுக்க இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. பயிர் போனவரைப் பார்த்து ஊர் "அவசரப்பட்டான்" என்கிறது. அதே முடிவை எடுத்துத் தப்பித்தவரை "கெட்டிக்காரன்" என்கிறது. ஒரே ஒரு உருட்டலை வைத்து மனிதனை எடைபோடும் பழக்கம் இது. பழைய அட்டை ஆட்டத்தில் அட்டவணை பலகை ஓரத்திலேயே அச்சாகி இருக்கும். தோற்றவனிடம் எதிராளியே, "ஆறில் அஞ்சு உனக்குத்தான் சாதகம், நீ செஞ்சது சரிதான்ப்பா" என்று சொல்ல முடியும். கணினி ஆட்டங்களில் இது மங்கிவிட்டது. சிவிலைசேஷன் ஆட்டத்தை உருவாக்கிய சிட் மேயர் 2010-இல் ஒரு உரையில் சொன்ன விஷயம் பிரபலம்: மூன்றுக்கு ஒன்று சாதகம் இருந்து தோற்றால் ஆட்டக்காரர்கள் ஒத்துக்கொள்வதில்லை, அதனால் கணக்கை அவர்கள் மனசுக்கு ஏற்றபடி வளைக்க வேண்டி வந்தது. வியாபாரத்துக்குச் சரி. ஆனால் நல்ல முடிவுக்கும் கெட்ட விளைவு வரலாம் என்ற பாடம் அங்கே காணாமல் போகிறது. பழைய பெட்டிகளுக்காக ஏங்குகிறவர்கள் ஏங்க வேண்டியது அட்டை வாசனைக்கு இல்லை, திறந்து கிடந்த அந்த அட்டவணைக்கு.

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போகக் கூடாது. கையில் உள்ள எந்தப் பழைய ஆட்டத்திலும் இதைச் சேர்த்துப் பாருங்கள், இரண்டு தாயக்கட்டை போதும். 0 முதல் 4 வரை ஒரு சேற்று மட்டம் வரைந்துகொள்ளுங்கள். இருவரும் அந்தச் சுற்றின் உத்தரவைத் தாளில் எழுதிக் கவிழ்த்து வைத்த பிறகே கட்டையை உருட்ட வேண்டும். 1, 5, 6, 12 விழுந்தால் மட்டம் ஒரு படி ஏறும். 2, 4 விழுந்தால் ஒரு படி இறங்கும். 3 விழுந்தால் அப்படியே நிற்கும். ஏற 16-இல் 6, இறங்கவும் 6, நிற்க 4. மழைக்காலச் சுற்றுகளில் 3-ஐயும் ஏறுகிற பக்கம் சேர்த்துவிட்டால் 16-இல் 10. மட்டம் 3-ஐத் தொட்டால் நகர்வு பாதி.

இப்போது வானிலைக்கு ஞாபகமும் உண்டு, பருவமும் உண்டு, எல்லோருக்கும் தெரிந்த கணக்கும் உண்டு. ஆனால் உத்தரவு எழுதும்போது பதில் தெரியாது. மட்டம் 2-இல் நிற்கும்போது படையை முன்னே அனுப்புவதா, ஒரு சுற்று பொறுப்பதா என்று யோசித்துப் பாருங்கள். மே மாதக் கடைசியில் கூடலூரில் ஒருவர் நாற்றங்கால் ஓரம் நின்று யோசிப்பதும் கிட்டத்தட்ட அதே கணக்குதான். அவருக்கு இன்னொரு ஆட்டம் போட அடுத்த வருஷம்வரை காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.