இரு மறுசந்திப்புகள்: திறனாய்வின் தராசு

ஹிஜ்ரி 371இல் மறைந்த அல்-ஆமிதீ, அபூ தம்மாம், புஹ்துரீ ஆகிய இரு கவிஞர்களை ஒப்பிட்டு ‘அல்-முவாஸனா’ என்னும் நூலை இயற்றினார். இருவருள் யார் பெரியவர் எனத் தீர்ப்பளிப்பதைத் தவிர்த்து, ஒரே பொருளை இருவரும் எவ்வாறு பாடியுள்ளனர் என்பதை நிறுத்துப் பார்ப்பதே அவர் வகுத்துக்கொண்ட முறை. அவர் புஹ்துரீயின் பக்கம் சாய்ந்தார் என்ற குறை உண்டெனினும், முறை இன்றும் பயன்தரத் தக்கது. திரைப்பட விமர்சனமும் இதற்கு விலக்கன்று.

2013 நவம்பரில் அமெரிக்காவில் ‘தி பெஸ்ட் மேன் ஹாலிடே’ வெளியாயிற்று. மால்கம் டி. லீ 1999இல் இயக்கிய படத்தின் தொடர்ச்சி இது. கல்லூரித் தோழர்கள் பல்லாண்டுகளுக்குப் பின் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஒரே வீட்டில் கூடுகின்றனர். பழைய மனத்தாங்கல்கள் கிளறப்படுகின்றன. வீட்டுத் தலைவி புற்றுநோயால் மரணத்தை எதிர்நோக்கியிருப்பது பின்னரே தெரியவருகிறது. சிரிப்பிலிருந்து கண்ணீருக்குத் தாவும் வேகம் மிகை எனச் சிலர் குறை கூறினர். நடிகர்களின் இணக்கத்தைப் பலர் பாராட்டினர். இவை முறையான திறனாய்வே. ஆயின், முதல் வார இறுதியில் சுமார் 3 கோடி டாலர் ஈட்டி இப்படம் இரண்டாமிடம் பெற்றபோது, ‘யூஎஸ்ஏ டுடே’ நாளேடு இதனை இனத்தைக் கருவாகக் கொண்ட படங்களுள் ஒன்றாகத் தலைப்பில் குறித்தது. நடிகர்கள் கறுப்பினத்தவர் என்பதன்றி அதற்கு வேறு அடிப்படை இல்லை. கண்டனம் எழுந்தபின் தலைப்பு மாற்றப்பட்டது.

2016 டிசம்பரில் வெங்கட் பிரபுவின் ‘சென்னை 600028’ இரண்டாம் பாகம் வந்தது. 2007இல் கிரிக்கெட் ஆடித் திரிந்த இளைஞர்கள் குடும்பஸ்தராகி, நண்பனின் திருமணத்துக்காகத் தேனிப் பக்கம் கூடுகின்றனர். முதற்படத்தின் புதுமை இதில் உண்டா என்பதே இங்கு வினாவாயிற்று; நட்பும் நினைவும் பேசப்பட்டன. மாந்தரின் இனம் பேச்சாகவில்லை. பொருள் ஒன்று, அளவுகோல் மட்டும் வேறு.

இவ்வேறுபாடு நமக்கு அயலானதன்று. 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற தோப்பில் முஹம்மது மீரானின் ‘சாய்வு நாற்காலி’, உழைப்பறியாத ஒரு குடும்பத் தலைவர் பூர்விக வீட்டின் பொருள்களை ஒவ்வொன்றாக விற்று அழிவதைச் சித்திரிக்கிறது. ஆணவமும் வீழ்ச்சியும் எல்லாச் சமூகத்துக்கும் பொதுவானவை. எனினும் ‘இஸ்லாமிய வாழ்வைக் காட்டும் நாவல்’ என்ற ஒரு தொடரோடு அதன் மதிப்பீடு முடிந்துவிடுவதுண்டு.

பின்னணியைக் கூறுவது பிழையன்று. வட்டார வழக்கும் அரபுச் சொற்களும் விளங்கினாலன்றி அந்நாவல் முழுமையாக விளங்காது. ஆனால் அறிமுகமாக நிற்கவேண்டியது தீர்ப்பாகிவிடலாகாது. இதில் நம்மவரும் விலக்கல்லர். ஆசிரியர் முஸ்லிம் என்னும் பெருமிதத்தோடு நம் மாநாட்டுக் கட்டுரைகள் பலவும் நின்றுவிடுகின்றன. தமிழில் குடும்பங்களின் சரிவைப் பேசும் பிற நாவல்களோடு மீரானின் நாவலைப் பொருளுக்குப் பொருள் வைத்து ஆராயும் பணியை நம் அரபுக் கல்லூரி மாணவர்களே தொடங்கலாம். அதற்கான பயிற்சிக்கு அவர்கள் கற்கும் பலாகா என்னும் அணியிலக்கணப் பாடம் நல்ல அடித்தளமாகும்.