குவிமாடம் எதற்கு?

தாம்பரத்திற்குத் தெற்கே நெடுஞ்சாலையோரம் எழும் புதிய பள்ளிவாசல்கள் சிலவற்றைக் காணுங்கால், துருக்கிக் குவிமாடத்தின்மீது நம்மவர்க்குள்ள மோகம் புலனாகிறது. அதன் இலக்கணம் என்ன?

இஸ்தான்புல்லில் சுல்தான் சுலைமானுக்காகச் சிற்பி ஸினான் 1550இல் தொடங்கி 1557இல் முடித்த பள்ளியின் நடுக் குவிமாடம் 53 மீட்டர் உயரமுடையது. அதன் பாரத்தை முன்னும் பின்னும் இரு அரைக்குவிமாடங்கள் பகிர்ந்தேந்த, நான்கு பெருந்தூண்கள் தாங்குகின்றன. ஆகவே நடுவில் பார்வையை மறைக்கும் தூண் இல்லை. ஜமாஅத் முழுதும் ஒரே விதானத்தின்கீழ் நிற்கிறது. அங்கே குவிமாடம் அணியன்று, கூரை.

இங்கோ, கான்கிரீட் தளத்தின்மேல் அது தலைப்பாகையாக வைக்கப்படுகிறது. உள்ளே தொழுபவர் அண்ணாந்தால் தட்டைக் கூரையும் மின்விசிறியுமே! (நன்கொடை அறிக்கையின் அட்டையில் மட்டும் அது எடுப்பாகத்தான் இருக்கிறது.)

கீழக்கரை ஜும்ஆப் பள்ளியின் கற்றூண்களைப் பாருங்கள்: தமிழகத் தச்சரின் உளி, உருவங்களை விலக்கிப் பூவேலையில் நிறைவு கண்டிருக்கிறது. திருவல்லிக்கேணியில் 1795இல் நவாப் வாலாஜா குடும்பத்தார் எழுப்பிய பெரிய பள்ளி முகலாய வடிவை ஏற்றதே. ஆயினும் உடல் இம்மண்ணின் சாம்பல்நிறக் கருங்கல். அங்கே பொறித்துள்ள பாரசீக ஆண்டுக்குறிப்புக் கவிதையை யாத்தவர் ராஜா மக்கன்லால் என்னும் இந்துப் புலவர்.

ஓட்டுக்கூரைப் பழம்பள்ளியை இடிக்கத் தீர்மானம் எழுதுமுன், நம் நிர்வாகிகள் தாம்பரத்தில் ரயிலேறி அதனை ஒருமுறை பார்த்து வரலாகாதா?