சூலை பாடிய மொழியும் சூலகத்தின் மௌனமும்

இலக்கியம் மக்களுடைய துன்பத்தைப் பேச வேண்டும் என்பது நமது கொள்கை. உழுபவனின் முதுகுவலியையும் மீனவனின் பசியையும் தோட்டத் தொழிலாளியின் கடனையும் காணாத எழுத்தை நாம் பெரிதாக மதிப்பதில்லை. அவ்வாறாயின், மாதந்தோறும் மூன்று நாளோ ஐந்து நாளோ பாயிற் சுருண்டு கிடக்கும் பெண்ணின் வயிற்றுவலி மக்கள் துன்பமா, அன்றா? இக்கேள்வியைத் தமிழ் இலக்கியத்தின்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனை எழுதுபவள் பற்றற்று நின்று நோக்கும் ஆராய்ச்சியாளர் அல்லள் என்பதை முதலிலேயே கூறிவிடுவது நேர்மை. நாவற்குடாவில் வாழும் ஆசிரியை நான். எனது வலச் சூலகத்தில் ஆறு சென்ரிமீற்றர் அளவில் ஒரு கட்டி இருக்கிறது. சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று. பதினான்கு வயதில் தொடங்கிய வலிக்குப் பெயர் கிடைத்தபோது எனக்கு வயது முப்பத்துநான்கு. இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் ஒருவர் வாய்வு என்றார். ஒருவர் மனப்பதற்றம் என்றார். கலியாணம் கட்டிப் பிள்ளை பெற்றால் மாறிவிடும் என்று சொல்லாதவர் இல்லை.

நோயின் பெயர் எண்டோமெற்றியோசிஸ். கருப்பையின் உட்படலத்தை ஒத்த இழையம் கருப்பைக்கு வெளியே, சூலகத்திலும் வயிற்றறைச் சுவரிலும் சிலருக்குக் குடலிலும் வளர்வதே இந்நோய். அவ்விழையமும் மாதந்தோறும் கசிகிறது. வெளியேற அதற்கு வழியில்லை. அழற்சி உண்டாகிறது, உறுப்போடு உறுப்பு ஒட்டிக்கொள்கிறது. சூலகத்தில் தேங்கும் பழைய குருதி கறுத்துத் தடித்துக் கட்டியாகிறது. அமெரிக்க வைத்தியர் ஜோன் சாம்சன் இக்கட்டிகளை 1921இல் விரிவாக ஆராய்ந்தார். உள்ளிருப்பதன் நிறம் நோக்கி ‘சொக்கலேற்றுக் கட்டி’ என்ற பெயர் வழங்கலாயிற்று. மகப்பேற்று வயதிலுள்ள பெண்களில் ஏறக்குறைய 10 வீதத்தினர், அதாவது உலகெங்கும் 19 கோடிப் பேர், இந்நோயுடையோர் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பத்தில் ஒருத்தி! நாற்பது மாணவியர் இருக்கும் வகுப்பில் நால்வர் என்ற கணக்கு.

இத்துணைப் பெருவழக்கான ஒரு துன்பம் நம் இலக்கியத்தில் எங்கே இருக்கிறது?

வயிற்றுவலியைப் பாட அறியாத மொழி அன்று தமிழ். திருவதிகையில் திருநாவுக்கரசர் பாடிய முதற் பதிகம் சூலை நோயிலிருந்து பிறந்தது. பக்தியை ஒருபுறம் வைத்துவிட்டு அதனைப் படித்தாலும், வயிற்றினுள் நிகழ்வதை உள்ளவாறே கூறி ‘இதனைப் பொறுக்கேன்’ என்று முறையிடும் ஒரு மனிதனை அங்கே காண்கிறோம். அவ்வலியை எவரும் பாசாங்கு என்று கூறவில்லை. அது நான்காந் திருமுறையின் தலைவாசலிலே வைக்கப்பட்டது. சேக்கிழார் அதனை வரலாறாக்கினார். ஆனால் அந்நோயாளிக்குத் திருநீறு அளித்துத் தேற்றிய தமக்கையார் திலகவதியாரின் உடல் என்ன பட்டது என்பதைப் பாடியவர் யார்? தம்பிக்காக உயிர் தாங்கியவர் என்ற புகழே அவருக்குக் கிடைத்தது.

காரைக்காலம்மையாரை எடுத்துக்கொள்வோம். கணவன் பொருட்டுச் சுமந்த தசையை உதறிப் பேய்வடிவு கொண்ட பின்னர்தான் அவர் திருவாலங்காட்டை அடைகிறார். ஆண் அடியவர் நோயுற்ற உடலோடு பாடினார். பெண் அடியவரோ உடலை நீக்கிவிட்டுப் பாட வேண்டியிருந்தது. இவ்வேறுபாடு தற்செயலானது அன்று. பெண்ணுடலைச் சொத்தாகவும் தீட்டாகவும் மட்டுமே கண்ட சமுதாயத்தின் முத்திரை அது.

சொற்களே இதற்குச் சாட்சி. ‘சூதகம்’ என்ற ஒரே சொல் மாதவிடாயையும் குறிக்கும்; பிறப்பு, இறப்புத் தீட்டையும் குறிக்கும். வைத்திய நூலார் ‘சூதகவலி’ என்றனர். ஊரார் அதனைத் ‘துடக்கு’ என்றனர். வலியைக் குறிக்கும் சொல் ஏட்டில் நின்றது. விலக்கைக் குறிக்கும் சொல் வாயில் நிலைத்தது. எமது மட்டக்களப்பு தாய்வழிக் குடிமரபுக்குப் பேர்போனது. வீடும் வளவும் மகளுக்கே சேரும். எனினும் அவ்வீட்டின் உரிமைக்காரி மாதத்திற் சில நாள் அதன் மூலைக்கு மட்டுமே உரியவளாகிறாள்.

அண்மைக்கால எழுத்தை மறந்து பேசுவது நியாயமாகாது. யாழ்ப்பாணத்தில் 1986இல் வெளிவந்த ‘சொல்லாத சேதிகள்’ தொகுதி ஈழத்துப் பெண்களின் குரலை ஒருங்கு சேர்த்தது. சித்த வைத்தியம் கற்ற குட்டி ரேவதி உள்ளிட்ட தமிழகக் கவிஞர் 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் பெண்ணுடலைத் துணிந்து எழுதி வசை பெற்றனர். அவர்கள் திறந்த கதவு பெரிது. ஆயினும் அக்கவிதைகளின் உடல் பெரும்பாலும் விருப்பத்தின் உடல். அன்றேல் வன்முறைக்கு ஆளான உடல். ஸ்கான் அறையின் வாசலிற் குந்தியிருக்கும் நோயாளியின் உடலுக்கு அடுத்த தலைமுறைதான் இடமளிக்க வேண்டும்.

பிறமொழியில் இது நிகழ்ந்திருக்கிறது. ஆங்கில நாவலாசிரியை ஹிலரி மான்ரல் 2003இல் வெளியிட்ட நினைவு நூலில், தமது வலியை மனநோயென்று கொண்டு மருந்தூட்டிய வைத்தியர்களைப் பற்றியும், வைத்திய நூலைப் படித்துத் தாமே நோயை இனங்கண்டதைப் பற்றியும், இருபத்தேழு வயதிற் கருப்பையையும் சூலகங்களையும் இழந்ததைப் பற்றியும் எழுதினார். அழுகை இல்லை, கணக்குத் தீர்க்கும் தெளிவு இருக்கிறது. சென்னையிற் பிறந்த பத்மா லட்சுமி, அமெரிக்காவிலிருந்து 2016இல் எழுதிய தன்வரலாற்றில் இதே நோயைப் பேசுகிறார். பூப்பெய்திய காலத்திலிருந்து வருத்திய வலிக்கு முப்பத்தாறாம் வயதில்தான் அவருக்கு விடை கிடைத்தது. 2009இல் இந்நோய்க்கென ஓர் அமைப்பையும் வைத்தியர் ஒருவரோடு சேர்ந்து நிறுவினார். போற்றத்தக்க பணி. ஆயினும் ஒரு தமிழ்ப்பெண் தன் வயிற்றின் கதையை ஆங்கிலத்திற்தான் சொல்ல நேர்ந்தது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். நியூயோர்க்கின் சிறந்த சிகிச்சை எட்டும் தூரத்திலிருந்தவருக்கே இத்தனை ஆண்டு பிடித்ததென்றால், படுவான்கரையில் நாட்கூலிக்கு வயல்வேலை செய்பவளின் கதை யாது? அவளுடைய வலிக்கு ஒருநாட் கூலி விலை. ஸ்கான் செய்ய வாவியைக் கடந்து நகருக்கு வருவதற்கு இன்னொரு நாட் கூலி.

‘இது தனிமனிதத் துன்பம், வர்க்கப் பிரச்சினை அன்று’ என வாதிக்கும் நண்பர்களுக்கு எனது விடை இதுவே. நோய் வர்க்கம் பார்ப்பதில்லை. நோய்க்குப் பெயர் கிடைக்கும் காலம் வர்க்கம் பார்க்கிறது.

தமிழில் இவ்வலியை இடையறாது பதிவு செய்துவரும் எழுத்து வகை ஒன்று உண்டு. அது பாடசாலை விடுமுறைக் கடிதம். ‘சுகவீனம் காரணமாக’ என்ற இரண்டு சொற்களில் தாய்மார் எழுதி அனுப்புகின்றனர். நாம் கையெழுத்திட்டுக் கோவையிற் போடுகிறோம். ஒரே மாணவியின் பெயரில் மாதம் ஒன்றாக அடுக்கிய கடிதங்களை ஒருநாள் எடுத்துப் பாருங்கள். நாவலாசிரியன் எழுதாத நாவல் அங்கே கிடக்கிறது.

சத்திரசிகிச்சை எல்லாவற்றையும் முடித்துவிடும் என்று நான் மயங்கவில்லை. சிறு துளைகளினூடாகக் கட்டியின் சுவரை உரித்தெடுப்பர். அதனோடு நல்ல சூல்களும் சில போகக்கூடும். கட்டி மீண்டும் வரவும் கூடும். நோயை வேரோடு களையும் மருந்து இன்னும் இல்லை. அச்சம் இருக்கிறது. ஆனால் பெயர் தெரிந்த ஒன்றைக் குறித்த அச்சம், பெயரற்ற இருபது ஆண்டுகளை விடச் சிறியது. இலக்கியத்தினால் நோயைக் குணமாக்க முடியாது. அந்தப் பெயரைப் பதினான்கு வயதிலேயே கொடுக்க முடியும். பத்தாம் வகுப்பிலிருக்கும் அந்த நால்வருக்கு நாம் பட்ட கடன் அது.

அடுத்த வாரம் நானும் அதிபருக்கு விடுமுறைக் கடிதம் எழுத வேண்டும். ‘சுகவீனம்’ என்று எழுதப் போவதில்லை.